நந்தின் உறவு, நண்டின் எமன்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கணவாய்க் கூடைகளுக்கு நடுவே சில நாட்களில் ஒரு கூடை மட்டும் ஒதுங்கிக் கிடக்கும். கடம்பாவுக்கு, அதாவது ஸ்க்விடுக்கு, ஆள் உண்டு, ஓட்டுக்கணவாய்க்கும் ஆள் உண்டு. இந்தக் கூடையைக் குனிந்து பார்க்கிறவர்கள் விலை கேட்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது பேய்க்கணவாய், பாடப்புத்தகத்தில் ஆக்டோபஸ். சென்னைச் சமையலறைகளில் இதற்குப் பெரிய இடமில்லை, வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்காரர்களின் ஆட்கள். இதற்கு ஏன் பேய் என்று பெயர் வந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்தேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். படகின் தளத்தில் கொட்டினால் கொட்டிய இடத்தில் கிடக்காது, விரல் நுழையும் சந்து கிடைத்தால் போதும், அங்கே இருக்காது என்றார் ஒருவர். வெட்டிப் போட்ட பிறகும் அதன் கை நம் கையைப் பிடிக்கும் என்றார் இன்னொருவர்.

இரண்டாமவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் பின்யாமின் ஹோக்னர் குழுவினர் இதையே ஆய்வாகச் செய்து 2001இல் வெளியிட்டார்கள். ஆக்டோபஸ் இரையை நோக்கிக் கையை நீட்டும்போது கையில் ஒரு வளைவு உண்டாகி, அது அடியிலிருந்து நுனிவரை அலைபோல ஓடும். மூளையோடு இருந்த நரம்புத் தொடர்பை முழுக்கத் துண்டித்துவிட்டுக் கையை மட்டும் தூண்டிப் பார்த்தார்கள். அந்தக் கையிலும் அதே அலை, அதே விதமாக ஓடியது. கையை எப்படி நீட்டுவது என்ற செய்முறை கையிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மூளை 'நீட்டு' என்று சொல்வதோடு சரி.

சாதாரண ஆக்டோபஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உண்டு. ஒரு நாயின் பெருமூளைப் புறணியில் இருக்கும் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதுதான். மனித மூளையில் சுமார் 8,600 கோடி. இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்துவிட்டு, 'ஆகவே ஆக்டோபஸுக்கு நாயளவு புத்தி' என்று முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. எத்தனை நரம்பணுக்கள் என்பதைக் காட்டிலும் எங்கே இருக்கின்றன என்பதுதான் இங்கே கேள்வி. ஆக்டோபஸின் நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, எட்டுக் கைகளில் பரவிக் கிடக்கின்றன. மீதியிலும் பெரும்பகுதி கண்களுக்குப் பின்னால் உள்ள பார்வை மடல்களுக்குப் போய்விடுகிறது. நடுமூளை என்று சொல்லத்தக்க இடத்தில் எஞ்சுவது சில கோடிதான். அந்த நடுமூளையும் உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக அமைந்திருப்பதால், தின்கிற ஒவ்வொரு வாயும் மூளையின் நடுவே புகுந்துதான் வயிற்றுக்குப் போகிறது.

மார்கழிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் களைகட்டும்போது, மிருதங்கக்காரரைக் காட்டி 'அவருடைய விரலுக்கே தெரியும்' என்று பக்கத்து இருக்கைக்காரர் சிலாகிப்பார். அது உபசாரப் பேச்சு. விரலுக்கு ஒன்றும் தெரியாது. விரலை அசைக்கும் தசைகூட விரலில் கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகள் நாண்களைப் பிடித்து இழுக்கின்றன. பல ஆண்டு சாதகம் பதிந்திருக்கும் இடம் மண்டை ஓட்டுக்குள்தான். ஆனால் ஆக்டோபஸைப் பார்த்து 'அதன் கைக்கே தெரியும்' என்று ஒருவர் சொன்னால், அதில் உபசாரம் இல்லை. உள்ளதைத்தான் சொல்கிறார்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதல் காரணம் எலும்பு இல்லாதது. நம் கை தோளில், முழங்கையில், மணிக்கட்டில் மட்டுமே மடங்கும். ஒரு டம்ளரை எடுக்க மூளை கணக்கிட வேண்டிய கோணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆக்டோபஸின் கைக்கு மூட்டே கிடையாது. எந்த இடத்திலும் மடங்கும், நீளும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட எட்டுக் கைகளின் ஒவ்வொரு அங்குலமும் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு மூளை கணக்கு வைத்துக்கொண்டிருந்தால், அதற்கு வேறு எந்த வேலைக்கும் நேரம் இருக்காது.

இரண்டாவது காரணம் நரம்பின் வேகம். நம் நரம்பிழைகளில் பலவற்றுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. செய்தி விரைந்து பாய அதுவே வழி செய்கிறது. கணவாய் இனத்துக்கு அந்த உறை இல்லை. உறை இல்லாத நரம்பில் வேகம் வேண்டுமென்றால் இழையைத் தடிமனாக்குவது ஒன்றே வழி. கடம்பா அந்த வழியைத்தான் எடுத்தது: ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்வதற்கென்றே அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த நரம்பிழை இருக்கிறது. வெறும் கண்ணுக்கே தெரியும் அந்த இழையில் மின்முனையைச் செருகித்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்பு எப்படி உண்டாகிறது என்பதை 1952இல் கணிதமாக எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசும் பெற்றார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நரம்புத் துடிப்பைப் பற்றிப் படிக்கும் பாடத்துக்கு அடித்தளம் மனிதனின் நரம்பில் கிடைத்ததல்ல, கடம்பாவின் நரம்பில் கிடைத்தது. நிற்க. ஆக்டோபஸின் எல்லா நரம்புகளையும் இப்படித் தடிமனாக்கினால் கையில் தசைக்கு இடமிருக்காது. மேலிடத்தைக் கேட்டுக் காத்திருப்பதை விட அந்தந்த இடத்திலேயே முடிவெடுப்பது நல்லது. ரிப்பன் மாளிகைக்குக் கோப்பு போய் வருவதற்குள் தெருவில் தண்ணீர் தேங்கிவிடும் என்பது சென்னைவாசிகளுக்குப் புதிய செய்தி அல்ல.

இதே ஜெருசலேம் குழு பின்னர் கண்டது இன்னும் விந்தையானது. கையின் நடுவிலோ நுனியிலோ உள்ள ஓர் உறிஞ்சியில் இரை அகப்பட்டால், அதை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது ஆக்டோபஸின் கை, மனிதக் கையைப் போல மூன்று இடங்களில் மடிந்து, தற்காலிகமாக ஒரு தோள், ஒரு முழங்கை, ஒரு மணிக்கட்டு என்று மூட்டுகளை உண்டாக்கிக்கொள்கிறது. முழங்கை எங்கே அமைய வேண்டும் என்பதை யார் அளந்து சொல்கிறார்கள்? யாரும் இல்லை. இரை பிடிபட்ட இடத்திலிருந்து ஒரு தசையலை தலையை நோக்கி வருகிறது. கையின் அடியிலிருந்து இன்னொரு அலை எதிரே புறப்படுகிறது. இரண்டும் மோதிக்கொள்ளும் இடமே முழங்கை. இரை நுனியில் இருந்தால் முழங்கை தள்ளி அமையும், அருகில் இருந்தால் கிட்டத்தில் அமையும். வேலை முடிந்ததும் முழங்கை மறைந்துவிடும். எலும்பு வைத்துப் பிறந்த நாமும் எலும்பே இல்லாத அதுவும், வாய்க்கு உணவு கொண்டுபோகும் ஒரே கணக்குக்கு ஒரே விடையை எழுதியிருக்கிறோம், வழிதான் வேறு.

மனித மூளையின் புறணியில் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் விழித்திருந்த நோயாளிகளின் மூளையைத் தொட்டுத் தொட்டு அதை வரைந்தார்: இங்கே தொட்டால் கட்டைவிரல் அசையும், அங்கே தொட்டால் உதடு துடிக்கும். அதே முறையில் ஆக்டோபஸின் மூளையைத் தூண்டிப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. அங்கே அப்படிப்பட்ட வரைபடம் எதுவும் அகப்படவில்லை. ஒரு புள்ளியைத் தூண்டினால் ஒரு கை மட்டும் அசைவதற்குப் பதிலாக, பல கைகள் சேர்ந்து ஒரு முழுச் செயலைச் செய்தன. நம் மூளைக்குள் ஒரு குட்டி மனிதன் படுத்திருக்கிறான். ஆக்டோபஸின் மூளைக்குள் குட்டி ஆக்டோபஸ் கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஆக்டோபஸுக்கு ஒன்பது மூளை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்ப வேண்டாம். கைகளில் இருப்பவை நரம்பு முடிச்சுகள்; அவற்றைத் தனித்தனி மூளை என்றால், பஸ் டிப்போக்களைத் தனித்தனி அரசாங்கம் என்று சொல்ல வேண்டிவரும். தலை வேண்டும்போது கையை நேரடியாக நடத்தவும் செய்கிறது. 2011இல் ஒரு சோதனை நடத்தினார்கள். கை ஒரு குழாய்க்குள் நுழைந்து, நீரை விட்டு வெளியேறி, கண்ணாடி போன்ற அறைகளில் ஒன்றில் உள்ள இரையை எடுக்க வேண்டும். நீருக்கு வெளியே வாசனையும் சுவையும் வழிகாட்டாது. கண்ணால் பார்த்துத்தான் கையைச் செலுத்த முடியும். பெரும்பாலான ஆக்டோபஸ்கள் கற்றுக்கொண்டன. 'கண் பார்த்தால் கை செய்யும்' என்று நல்ல வேலைக்காரரைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். ஆக்டோபஸிடம் கண் பார்த்தும் கை செய்யும், கண் பாராமலும் கை செய்யும். எப்போது எது என்பதுதான் ஆய்வாளர்களுக்கு இன்றுள்ள வேலை.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் படிவரிசையாக அடுக்கியிருப்பது பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். புல்லும் மரமும் ஓரறிவு: தொடுவுணர்வு மட்டும். நந்தும் முரளும் ஈரறிவு: தொடுவுணர்வோடு நாவின் சுவையும். சிதலும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. விலங்குகள் ஐயறிவு. மனத்தோடு சேர்த்து மக்கள் ஆறறிவு. நந்து என்றால் நத்தை, சங்கு. முரள் என்றால் சிப்பி வகை. இன்றைய விலங்கியலில் இவை மெல்லுடலிகள். பேய்க்கணவாயும் அதே மெல்லுடலிக் குடும்பம்தான். தொல்காப்பியர் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்றாலும், ஒவ்வொரு படியிலும் 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' என்று முடிக்கிறார். அந்தக் கிளையில் பிறந்தது என்ற கணக்கில் இதை ஈரறிவுப் படியில்தான் உட்கார வைக்க வேண்டும். ஆனால் ஈரறிவுப் படியில் உட்கார்ந்துகொண்டு இது விரும்பித் தின்பது என்ன? நான்கறிவு நண்டை.

படிவரிசை இங்கே தடுமாறுகிறது என்பது எளிதாகச் சொல்லக்கூடியது. எனக்கு அதைவிட ருசிகரமாகப் படுவது, அந்த இரண்டு அறிவுகளும் சரியாக இருப்பதுதான். ஆக்டோபஸின் ஒரு கையில் 200க்கும் மேற்பட்ட உறிஞ்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் தொடவும் செய்கிறது, சுவைக்கவும் செய்கிறது. நீரில் எளிதில் கரையாத பொருட்களைத் தொட்ட மாத்திரத்தில் சுவைத்தறியும் புரதங்கள் உறிஞ்சிகளில் இருப்பதை ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு 2020இல் விவரித்தது. பாறை இடுக்குக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கையை விட்டுத் துழாவும்போது, தொட்டது கல்லா நண்டா என்பதைக் கை அங்கேயே சுவைத்து முடிவு செய்கிறது. தொடுதலும் சுவைத்தலும் அங்கே இரண்டு புலன்களாகப் பிரிந்தே இல்லை. ஈரறிவு என்று எண்ணிக்கை போட்டவர் இதைக் கண்டு சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். ஆனால் சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. உற்றறிதல்: தொட்டு அறிவது. புலனுக்கும் புத்திக்கும் 'அறிவு' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், ஆக்டோபஸின் கையைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருக்கிறது. அங்கே உணர்வது எது, யோசிப்பது எது என்று கோடு கிழிக்க முடியவில்லை.

அப்படியென்றால் எட்டுக் கைகளும் ஒன்றையொன்று பிடித்துச் சிக்கிக்கொள்ளாதா? காசிமேட்டுக்காரர் சொன்ன வெட்டுண்ட கைக்கு இந்தக் கேள்வியில்தான் சிறப்பு. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெட்டப்பட்ட கைகள் தம்மேல் பட்ட எதையும் பிடித்தன, ஆக்டோபஸின் தோலை மட்டும் பிடிக்கவில்லை. தோலை உரித்துவிட்டுக் கொடுத்தால் பிடித்தன. தோலில் உள்ள ஏதோ ஒரு வேதிப்பொருள் 'இது நம்முடையது, விடு' என்று உறிஞ்சிக்குச் சொல்கிறது. தன் உடல் எது, பிறர் உடல் எது என்பதை நாம் மூளையில் வரைபடமாக வைத்திருக்கிறோம். இது அதைத் தோலில் பூசி வைத்திருக்கிறது.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாக. அமைப்பில் நம் கண்ணைப் போலவே வில்லையும் விழித்திரையும் உண்டு. நமக்கு உள்ள குருட்டுப்புள்ளி அதற்கு இல்லை, ஏனெனில் நரம்பிழைகள் விழித்திரையின் பின்பக்கமாக வெளியேறுகின்றன. ஒளியுணரி ஒரே வகைதான் இருப்பதால் நிறம் பிரித்தறியாது என்று கருதப்படுகிறது. நிறக்குருடாக இருந்துகொண்டு பாறையின் நிறத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்வது எப்படி என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது.

நம் வழியும் அதன் வழியும் பிரிந்து ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிரிந்த இடத்தில் இருந்தது புழு மாதிரியான ஏதோ ஒன்று. அதற்கு மூளை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இருந்திருக்காது. குரங்கின் புத்தி, காகத்தின் புத்தி, நாயின் புத்தி எல்லாம் நம் வீட்டுத் திண்ணையிலிருந்து கிளம்பியவை. ஆக்டோபஸின் புத்தி வேறு தெருவில், வேறு மண்ணில் தனியாகக் கட்டப்பட்டது. கணவாய்க் குடும்பத்தின் முன்னோர்களுக்கு நத்தை போல ஓடு இருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மயிலாப்பூரில் சில வீடுகளின் பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமமும் நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வந்த அம்மோனைட்தான். ஓட்டுக்கணவாய் தன் ஓட்டை உடலுக்குள் இழுத்துக்கொண்டது. மெரினாவில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடப்பதும், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும், கூண்டுக் கிளிக்குக் கொத்தக் கொடுப்பதும் அந்த ஓடு. பேய்க்கணவாய் ஓட்டை அறவே கைவிட்டது. கவசத்தைக் கழற்றிய பிறகு, எல்லோருக்கும் ருசியான ஒரு வெறும் சதைக்கு மிச்சமிருந்த பாதுகாப்பு ஒளிவதும் ஏமாற்றுவதும் யோசிப்பதும்தான். இந்த விளக்கம் பரவலாக ஏற்கப்படுவது; எனக்கும் பொருத்தமாகவே தோன்றுகிறது. இந்தோனேசியக் கடலில் ஒரு வகை ஆக்டோபஸ் தேங்காய்ச் சிரட்டையின் இரண்டு பாதிகளைச் சுமந்துகொண்டு போய், தேவையானபோது உள்ளே புகுந்து மூடிக்கொள்வதை 2009இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கழற்றிய ஓட்டை வேறு வடிவில் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

இவ்வளவு புத்தியை வைத்துக்கொண்டு அது எத்தனை காலம் வாழ்கிறது? சாதாரண ஆக்டோபஸுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகள். பசிபிக் பேராக்டோபஸுக்கு மூன்று முதல் ஐந்து. மனித அறிவோடு ஒப்பிடுகிறவர்கள் நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தாய் முட்டைகளைக் குகையில் தொங்கவிட்டு, நீரை விசிறி விசிறிக் காத்து, உண்ணாமல் இருந்து, குஞ்சு பொரிந்ததும் இறந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் மான்ட்ரே கடற்பள்ளத்தாக்கில் ஓர் ஆழ்கடல் தாய் 53 மாதங்கள் ஒரே பாறையில் முட்டைகளைக் காத்து நின்றதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். இது தியாகம் போலத் தெரியலாம். ஒரு சுரப்பியின் வேலை. 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற உயிரியலாளர், கண்களுக்கு அருகில் உள்ள அந்தச் சுரப்பியை முட்டையிட்ட பெண் ஆக்டோபஸ்களிடமிருந்து நீக்கினார். அவை முட்டைகளை விட்டுவிட்டு மீண்டும் உண்ணத் தொடங்கின, மேலும் பல மாதங்கள் வாழ்ந்தன.

ஆகவே எந்த ஆக்டோபஸும் தாயிடம் கற்று வளர்வதில்லை. மூடியைத் திருகி ஜாடியைத் திறக்கத் தெரிந்துகொண்ட ஒன்று, அந்த வித்தையை யாரிடமும் ஒப்படைக்காமல் செத்துப்போகிறது. அடுத்தது மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. காசிமேட்டில் பத்து வயதுப் பையன் வலையில் கிழிசல் பின்னுவது அவனாகக் கண்டுபிடித்தது அல்ல. தாத்தாவின் தாத்தா கண்டுபிடித்ததன் மேல் அவன் உட்கார்ந்திருக்கிறான். மனித மூளையின் 8,600 கோடியைக் காட்டிலும் இந்த அடுக்குதான் நம்மை வேறாக்குகிறது. ஒரு மனிதனைப் பிறந்தது முதல் யாரோடும் பழகவிடாமல், மொழி இல்லாமல், இரண்டு ஆண்டு ஆயுளோடு கடலில் விட்டால் அவன் எதைச் சாதிப்பான் என்று எண்ணிப் பார்த்தால் ஆக்டோபஸின் மேல் மரியாதை கூடுகிறது. 'மூன்று வயதுக் குழந்தைக்குச் சமமான புத்தி' என்ற ஒப்பீடு எனக்கு எரிச்சலூட்டுவதும் இதனால்தான். மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தெருவே இருக்கிறது.

ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்கும் என்று இத்தாலியில் ஃபியோரிட்டோ, ஸ்காட்டோ என்ற இருவர் 1992இல் அறிவித்தார்கள். சிவப்புப் பந்து, வெள்ளைப் பந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழகிய ஆக்டோபஸைப் பக்கத்துத் தொட்டியிலிருந்து பார்த்தவையும் அதே பந்தையே எடுத்தன. தனிமையிலேயே வாழும் விலங்குக்கு இந்தத் திறமை எதற்கு என்ற கேள்வியோடு, முடிவைப் பற்றிய சர்ச்சையும் தொடர்ந்தது. கற்றல், நினைவு ஆகியவற்றில் மட்டும் ஐயமில்லை. நடுமூளையில் செங்குத்து மடல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை நீக்கினால் புதிதாகக் கற்பது கெட்டுப்போகும் என்று ஜே. இசட். யங் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தில் பல்லாண்டு உழைத்துக் காட்டினார். சியாட்டில் மீன் காட்சியகத்தில், ஒரே மாதிரி உடையணிந்த இருவரில் ஒருவர் உணவு கொடுக்க, மற்றவர் குச்சியால் குத்த, இரண்டு வாரத்தில் ஆக்டோபஸ்கள் ஆளைப் பிரித்தறிந்தன. அதே இடத்தில் எட்டு ஆக்டோபஸ்களுக்கு மிதக்கும் மருந்துப் புட்டி கொடுத்தபோது, இரண்டு மட்டும் அதை நீரைப் பீய்ச்சித் தள்ளித் தள்ளித் திரும்பி வரவைத்து விளையாடின. எட்டில் இரண்டு என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரபலமான கதைகளை நான் கொஞ்சம் தள்ளி வைப்பேன். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் எட்டு ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொன்ன ஜெர்மனியின் பால் என்ற ஆக்டோபஸ், கிளி ஜோசியத்தின் கடல் கிளை. உலகமெங்கும் பல விலங்குகள் சொன்னதில் பலித்ததற்கு மட்டும் பெயர் கிடைத்தது. 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரில், மூடி சரியாக மூடப்படாத தொட்டியிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, சுமார் 50 மீட்டர் நீளமுள்ள வடிகால் குழாய் வழியே கடலுக்குப் போய்விட்ட இங்கி என்ற ஆக்டோபஸ் இன்னும் நல்ல கதை. ஆனால் கடல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று திட்டமிட்டுப் போனதா, ஈரமான சந்து கண்டு நுழைந்ததா? காசிமேட்டின் முதலாமவர் சொன்னதை நினைத்துக்கொள்கிறேன். விரல் நுழையும் சந்து போதும்.

எனக்கு மிகவும் உவப்பானது தோற்றுப்போன ஒரு சோதனை. 1959இல் பீட்டர் டியூஸ் என்பவர் நேப்பிள்ஸில் மூன்று ஆக்டோபஸ்களுக்கு நெம்புகோலை இழுத்து உணவு பெறப் பழக்கியதை எழுதினார். ஆல்பர்ட்டும் பெர்ட்ராமும் ஒழுங்காக இழுத்தன. சார்லஸ் கைகளைத் தொட்டியின் பக்கங்களில் ஊன்றிக்கொண்டு பலமாக இழுத்தது, மேலே தொங்கிய விளக்கைத் தண்ணீருக்குள் இழுக்கப் பார்த்தது, சோதனை செய்கிறவர் மேல் நீரைப் பீய்ச்சியது, கடைசியில் நெம்புகோலை உடைத்தே விட்டது. எலிக்கும் புறாவுக்கும் வகுத்த தேர்வில் சார்லஸ் தோல்வி. அது வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது. ஆக்டோபஸின் புத்தியை அளக்கும் சோதனைகளில் பாதி, எங்கள் வீட்டுச் சாவி உங்கள் வீட்டுப் பூட்டைத் திறக்கிறதா என்று பார்ப்பவை.

உள்ளே ஏதேனும் அனுபவம் நடக்கிறதா? தூக்கத்தில் அதற்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. அமைதியான தூக்கத்துக்கு நடுவே சுமார் ஒரு நிமிடம் கண்ணும் கையும் துடிக்கும், விழித்திருக்கும்போது தோன்றும் நிறக்கோலங்கள் தோலில் ஓடும். அதைக் கனவு என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. 2023இல் ஒகினாவாவில் இதை நுட்பமாக அளந்தவர்களே அந்தச் சொல்லில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். வலி பற்றிய சான்று இன்னும் அழுத்தமானது. 2021இல் சான்பிரான்சிஸ்கோவின் ராபின் க்ரூக் என்ற ஆய்வாளர், நீர்த்த அசிட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட ஆக்டோபஸ்கள், முன்பு தாம் விரும்பியிருந்த அறையாக இருந்தும், வலி நேர்ந்த அறையைப் பிறகு தவிர்ப்பதைக் காட்டினார். வலியை அடக்கும் மருந்து கொடுத்தால், அந்த நிவாரணம் கிடைத்த அறையை விரும்பின. குத்திய இடத்துத் தோலைத் தம் அலகால் சுரண்டி எடுத்தன. கையில் தொடங்கிய செய்தி மூளைவரை போனது. இது வெறும் அனிச்சைச் செயல் என்றால் அறையை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பிரிட்டன், உணர்வுள்ள விலங்குகளைப் பற்றிய தன் சட்டத்தில் ஆக்டோபஸையும் கணவாயையும் நண்டையும் சேர்த்தது.

நம் நாட்டில் அப்படிச் சேர்க்க வேண்டிய அவசியம் எழவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கு என்றால் மனிதர் அல்லாத எந்த உயிரினமும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. எத்தனை அறிவு என்று அது கேட்கவில்லை. உணவுக்காகக் கொல்வதற்கு அதில் விலக்கு உண்டு, தேவையற்ற வலியோ துன்பமோ இல்லாமல் செய்தால். தேவையான வலி எவ்வளவு என்பதை, மூன்றில் இரண்டு பங்கு நரம்பு கைகளில் உள்ள ஓர் உயிருக்கு எந்த இடத்தில் வைத்து அளப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, காசிமேட்டில் அந்தக் கூடையை ஒருவர் வண்டியில் ஏற்ற வந்தார். பிளாஸ்டிக் விளிம்பைப் பிடித்திருந்த ஒரு கையை விலக்கி உள்ளே தள்ளினார். உறிஞ்சிகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. தள்ளிய கை வேறு இடத்தில் விளிம்பைப் பிடித்தது.